பொடோமாக் கரையில் தோற்றுப்போன இரண்டு கால்வாய்கள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து வடமேற்கே காரில் அரை மணி நேரத் தொலைவில், பொடோமாக் ஆறு பாறைகளில் மோதிச் சிதறி இறங்கும் இடத்துக்கு கிரேட் ஃபால்ஸ் என்று பெயர். குற்றாலத்தைப் போல் உயரத்திலிருந்து ஒரே தாரையாக விழும் அருவியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே நீர் பல படிகளாக, பல பிளவுகள் வழியாக இறங்குகிறது. ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 23 மீட்டர் இறக்கம். மேலே முந்நூறு மீட்டர் அகலத்தில் சோம்பலாக வரும் ஆறு, அருவிக்குக் கீழே இருபது முப்பது மீட்டரே அகலமுள்ள மாதர் பள்ளத்தாக்குக்குள் புகுந்து ஓடுகிறது. அத்தனை நீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆற்றின் தென்கரை வர்ஜீனியா மாநிலம், வடகரை மேரிலாந்து. இரண்டு கரைகளிலும் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள காடு. இரண்டு கரைகளிலும் ஒரு பழைய கால்வாயின் எச்சங்கள். இந்த அருவியைத் தாண்டிப் படகுகளைக் கொண்டுபோக 18-ஆம் நூற்றாண்டில் ஒருமுறையும் 19-ஆம் நூற்றாண்டில் மறுமுறையும் முயன்றார்கள். இரண்டு முயற்சிகளுமே நஷ்டத்தில் முடிந்தன. அவற்றில் ஒன்றாவது வென்றிருந்தால் இந்த இடம் இன்று கிடங்குகளும் ரயில் முற்றங்களும் நிறைந்த ஒரு தொழில் நகரமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. தலைநகரின் வாசலில் இவ்வளவு காடு மிஞ்சியதற்கு யாருடைய தொலைநோக்கையும் விட அந்த நஷ்டங்களுக்குத்தான் அதிகப் பங்கு உண்டு.

முதல் கால்வாய்க்குப் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். விடுதலைப் போர் முடிந்து, குடியரசுத் தலைவர் ஆவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. அவருக்கு மேற்கே ஒஹாயோ பள்ளத்தாக்கில் நிறைய நிலம் இருந்தது. அங்கே குடியேறியவர்களின் விளைபொருள் மலைகளைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைக்கு வர வழியில்லாவிட்டால், அவர்கள் மிசிசிப்பி வழியாக ஸ்பெயினோடு வணிகம் செய்து, நாளடைவில் விசுவாசத்தையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொள்வார்கள் என்று அவர் அஞ்சினார். சொந்த லாபமும் நாட்டு நலனும் ஒரே ஆற்றில் சேர்ந்து ஓடின. 1785-இல் பொடோமாக் கம்பெனி தொடங்கப்பட்டது; அவரே அதன் முதல் தலைவர்.

ஆனால் ஆற்றில் கை வைப்பதற்கு முன் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. பொடோமாக் ஆறு முழுவதும் மேரிலாந்துக்குச் சொந்தம். வர்ஜீனியாவின் எல்லை அதன் தென்கரையில்தான் தொடங்குகிறது. ஆகவே இரு மாநிலங்களின் பிரதிநிதிகளும் அதே 1785-இல் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகையில் கூடிப் படகுப் போக்குவரத்து, மீன்பிடிப்பு, சுங்கம் ஆகியவற்றைப் பேசி ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டு மாநிலங்கள் பேச முடியும் என்றால் எல்லா மாநிலங்களும் பேசலாமே என்ற எண்ணம் அடுத்த ஆண்டு அனாபொலிஸ் கூட்டத்துக்கும், அதற்கு அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதிய மாநாட்டுக்கும் இட்டுச் சென்றது. ஓர் ஆற்றில் படகு விடும் பேச்சுவார்த்தை ஒரு நாட்டின் அரசியலமைப்பில் போய் முடிந்தது. கால்வாயின் ஆயுளோடு ஒப்பிட்டால் அந்த உபவிளைவின் ஆயுள் மிக நீண்டது.

இப்போது லாக் எனப்படும் நீர்ப்பூட்டைப் பற்றிக் கொஞ்சம். பனாமா கால்வாயைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயிலும் ஒருகாலத்தில் லாக்குகள் இயங்கின. இரண்டு பக்கமும் கல்சுவர், இரண்டு முனைகளிலும் கதவுகள்: உண்மையில் அது ஒரு பெரிய தொட்டிதான். மேலிருந்து வரும் படகு, நீர் நிரம்பிய தொட்டிக்குள் நுழைகிறது. மேல்கதவை மூடிவிட்டு, கீழ்க்கதவின் அடிப்பகுதியில் உள்ள சிறிய அடைப்புகளைத் திறந்தால் நீர் வடிகிறது. படகும் நீரோடு சேர்ந்து இறங்குகிறது. உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றானதும் கீழ்க்கதவு திறக்கும். ஏறுவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்திரம் எதுவும் தேவையில்லை. இரட்டைக் கதவுகள் மூடும்போது ஒரே நேர்க்கோட்டில் நிற்காமல், மேல்நீரை நோக்கிக் கூம்பிய நிலையில் ஒன்றையொன்று முட்டி நிற்கும். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அவை மூடிக்கொள்ளும். எதிரியின் பலத்தையே காவலுக்கு வைக்கும் இந்தத் தந்திரத்தைப் பாழடைந்த லாக்கின் ஓரத்தில் நின்று யோசித்துப் பார்ப்பதே ஒரு தனி இன்பம்.

வர்ஜீனியா கரையில் இத்தகைய ஐந்து பூட்டுகளைக் கட்டினார்கள். அருவியைச் சுற்றிக்கொண்டு போகும் கால்வாயின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் கடைசிப் பகுதி கடினப் பாறைக்குள் போயாக வேண்டும். அங்கே கறுப்பு வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். அமெரிக்காவில் கால்வாய் வேலைக்கு வெடிமருந்து பயன்பட்ட மிக முந்தைய இடங்களில் இதுவும் ஒன்று. பாறையில் துளையிட்ட கைகள் யாருடையவை என்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் கட்டணத்துக்கு ஈடாகப் பல ஆண்டுகள் உழைக்க எழுதிக் கொடுத்துவிட்டு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள், உரிமையாளர்களிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட கறுப்பின அடிமைகள், கூலிக்கு வந்த உள்ளூர் ஆட்கள். ஒப்பந்தக் கூலிகள் தப்பி ஓடியதால், பார்த்தவுடன் அடையாளம் தெரியட்டும் என்று அவர்களுடைய தலைமுடியையும் புருவத்தையும் மழித்தார்கள். பூங்காவின் விளக்கப் பலகைகளில் வாஷிங்டனின் கனவுக்குக் கிடைக்கும் இடம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

வேலை 1802-இல் முடிந்தது. வாஷிங்டன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். மாவு, விஸ்கி, புகையிலை, இரும்பு ஏற்றிய நீண்ட படகுகள் மலைப்பகுதியிலிருந்து ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்கு மூன்று முதல் ஐந்து நாட்களில் வந்தன. கழி ஊன்றி எதிர்நீரில் திரும்பிப் போவது அதைவிட இரு மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும் கடும் உழைப்பு. பலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, படகை ஜார்ஜ்டவுனிலேயே உடைத்து மரமாக விற்றுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள்.

பொறியியலில் இது நல்ல வேலை, கணக்கில்தான் இடித்தது. பூட்டுகள் அருவியை மட்டுமே தவிர்த்தன. மற்றபடி படகுகள் ஆற்றிலேயே வர வேண்டும். கோடையில் ஆற்றில் நீர் போதாது, பாறை தட்டும். மழைக்காலத்தில் வெள்ளம் படகை உடைக்கும். ஆண்டில் ஓரிரு மாதங்கள்தான் போக்குவரத்துக்கு உகந்த நீர்மட்டம் இருந்தது. பத்து மாதம் மூடிக் கிடக்கும் சுங்கச்சாவடி எந்தக் கம்பெனியைக் காப்பாற்றும்? 1828-இல் கம்பெனி தன் உரிமைகளைப் புதிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்தது.

பூட்டுகளை ஒட்டி எழுந்த மடில்டாவில் என்ற ஊரும் கூடவே போயிற்று. ஹென்றி லீ என்ற போர்த் தளபதி தன் மறைந்த முதல் மனைவியின் பெயரால் உருவாக்கிய ஊர் அது. சந்தை, ஆலை, விடுதி என்று கொஞ்ச காலம் நடந்தது. இன்று காட்டுக்குள் சில கல் அடித்தளங்களும் ஓர் இடிந்த சுவரும் மட்டுமே. குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்த பிறகு போனால்தான் ஊரின் வடிவமே கண்ணுக்குப் பிடிபடும். கோடையில் பசுமை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

புதிய நிறுவனத்தின் பெயர் செசபீக் - ஒஹாயோ கால்வாய் கம்பெனி. முன்னவர்களின் தவற்றை அது நன்றாகப் படித்திருந்தது: ஆற்றை நம்பாதே, ஆற்றின் பக்கத்திலேயே உனக்கென்று ஒரு முழு நீர்வழியை வெட்டு. 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குயின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டித் தொடங்கி வைத்தார். அதே நாளில் அருகிலுள்ள பால்டிமோர் நகரில் பால்டிமோர் - ஒஹாயோ ரயில்வேக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இதற்கு மேல் கதையில் மர்மம் ஏதும் இல்லை. கம்பர்லேண்ட் என்ற மலையடிவார ஊருக்கு ரயில் 1842-இல் போய்ச் சேர்ந்தது, கால்வாய் 1850-இல். அதைத் தாண்டி ஒஹாயோ வரை போகும் எண்ணம் அப்படியே கைவிடப்பட்டது. பெயரில் மட்டும் ஒஹாயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் கட்டியதைக் குறைத்து மதிப்பிட முடியாது. 297 கிலோமீட்டர் நீளம், 184 மீட்டர் ஏற்றம், 74 நீர்ப்பூட்டுகள். துணையாறுகளைக் கடக்க 11 கல் பாலங்களின் மேல் கால்வாயையே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மலையை 950 மீட்டர் நீளச் சுரங்கத்தால் துளைத்தார்கள். ஒவ்வொரு பூட்டும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம். படகுகளைப் பூட்டுக்குள் ஒரு கையகல இடைவெளியே மிஞ்சும்படி கட்டினார்கள். கரையோர இழுவைப் பாதையில் கோவேறு கழுதைகள் நடக்க, கயிற்றின் மறுமுனையில் நூறு டன்னுக்கு மேல் நிலக்கரியோடு படகு நகரும். பூட்டைத் திறந்து மூடும் காவலருக்குச் சம்பளத்தோடு ஒரு வீடும் தோட்டம் போட நிலமும் கிடைத்தன. இரவிலும் படகோட்டி சங்கோ கொம்போ ஊதினால் எழுந்து வர வேண்டும். குடும்பம் முழுதும் அந்த வேலையில் இழுபடும். 1870-களில், உச்ச நிலையில், ஓராண்டில் கிட்டத்தட்ட 10 லட்சம் டன் சரக்கு இந்த வழியாகப் போனது.

மேரிலாந்து பக்கம் கிரேட் ஃபால்ஸ் வருகிறவர்கள் இந்தக் கால்வாயின் மிக அழகான பகுதியில்தான் இறங்குகிறார்கள். அருவியின் இறக்கத்தை ஈடுகட்ட 15 முதல் 20 வரையிலான ஆறு பூட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. 20-ஆம் பூட்டின் பக்கத்தில் வெள்ளை நிறக் கட்டடம் ஒன்று: காவலர் வீடாகத் தொடங்கிப் பயணிகள் விடுதியாக வளர்ந்து இன்று பார்வையாளர் மையமாக இருக்கிறது. இங்கிருந்து இழுவைப் பாதையில் ஆற்றின் போக்கிலேயே நடந்தால் ஒவ்வொரு பூட்டும் ஒரு படி கீழே இறக்கிவிடுவதைக் கால்கள் உணரும். சுவர்க் கற்களை நெருங்கிப் பாருங்கள். இந்தக் கால்வாயிலும் எதிர்க்கரையிலும் பல பூட்டுகளுக்கு ஆற்றில் சற்று மேலே உள்ள செனிகாவின் சிவப்பு மணற்கல்லைப் பயன்படுத்தினார்கள். வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் கோட்டைக் கட்டடத்தில் உள்ளதும் அதே கல்தான். அது கால்வாய்ப் படகுகளில் போனது.

ஆற்றை நம்பாமல் கட்டிய இந்தக் கால்வாயையும் கடைசியில் ஆறுதான் முடித்தது. ஆற்றின் பக்கத்திலேயே ஓடுவதால், வெள்ளம் வந்தால் கரை உடையும்; கரை உடைந்தால் அந்தப் பகுதி வறண்டு போக்குவரத்தே நின்றுவிடும். பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் நகரை அழித்த 1889 மழை இங்கேயும் கால்வாயைச் சிதைத்தது. திவாலான கம்பெனி பழைய போட்டியாளரான ரயில்வேயின் கைக்குப் போனது. வேறொரு ரயில் நிறுவனம் அந்த வழித்தடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர்கள் அதைக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள் என்றால் அது மிகையல்ல. 1924 வெள்ளத்தோடு அதுவும் நின்றது. 1938-இல் மத்திய அரசு 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெருமந்தக் காலத்து அரசு வேலைவாய்ப்பு முகாம்களைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் தலைநகருக்கு அருகிலுள்ள 35 கிலோமீட்டரைச் சீரமைத்தார்கள். 1942-இல் இன்னொரு வெள்ளம் வந்து அதில் பெரும்பகுதியைக் கெடுத்தது.

அதன் பிறகு வந்த ஆபத்து நீரால் வந்ததல்ல. கால்வாயின் தடத்தில் கார்களுக்கான உல்லாசச் சாலை ஒன்றைப் போடும் திட்டம் 1950-களில் வலுத்தது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு இந்தப் பாதையை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் மூலம் சவால் விட்டார். 1954 மார்ச்சில் கம்பர்லேண்டிலிருந்து எட்டு நாள் நடை. கிளம்பியவர்கள் ஐம்பதுக்கும் மேல். முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர். நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971-இல் முழுக் கால்வாயும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. பதவியில் இருக்கும் நீதிபதி பொதுப் பிரச்சினையில் இப்படி வெளிப்படையாக இறங்கலாமா என்ற கேள்வியை இன்று எழுப்பலாம். அன்று அவர் இறங்காமல் இருந்திருந்தால் பூட்டுகளின் மேல் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

கால்வாய்களைக் கொன்ற வெள்ளம் காட்டுக்கு என்ன செய்கிறது? இந்த இடத்தின் மிகச் சுவையான பகுதி இதுதான். அருவிக்குக் கீழே, கால்வாய்க்கும் பள்ளத்தாக்குக்கும் இடையில் பேர் ஐலண்ட் என்ற பாறைத் தீவு இருக்கிறது. பூங்காத் துறையும் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து இதைக் காக்கின்றன. தீவின் பாறைத் தளங்கள் ஒருகாலத்தில் ஆற்றின் படுகையாக இருந்தவை. சுழலும் கூழாங்கற்கள் குடைந்த வட்டக் குழிகளை இன்றைய நீர்மட்டத்துக்கு வெகு உயரத்தில் பார்க்கலாம். பெருவெள்ளம் வரும்போது ஆறு பழைய உரிமையோடு இந்தத் தளத்தின் மேல் ஏறி ஓடுகிறது. மண்ணை வழித்து, பெரிய மரங்களைப் பிடுங்கி, மேட்டைத் திரும்பத் திரும்ப வெட்டவெளியாக்குகிறது.

இந்தக் கிழக்குக் கரைப் பகுதியில் விட்டுவைத்த எந்த நிலமும் சில பத்தாண்டுகளில் அடர்ந்த காடாகிவிடும். நிழல் விழுந்தால் வெயில் விரும்பும் செடிகள் செத்துவிடும். இங்கே வெள்ளம் நிழலை அகற்றிக்கொண்டே இருப்பதால், நாட்டின் நடுப்பகுதியில் உள்ள புல்வெளிகளுக்கு உரிய புல் வகைகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. மேலே மலைகளில் மட்டும் வளர வேண்டிய செடிகளின் விதைகளையும் அதே வெள்ளம் கொண்டுவந்து இறக்குகிறது. அடுத்த நூறு அடியில் வறண்ட பாறையில் குட்டை ஓக் மரம். அதற்கு அப்பால் சதுப்பு. பொடோமாக் பள்ளத்தாக்கு என்ற இந்த ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளப் பகுதியில் 1,400-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அணை கட்டி வெள்ளத்தை அடக்கியிருந்தால் பார்க்க அமைதியான, ஆனால் எங்கும் காணக்கூடிய ஒரு காடுதான் கிடைத்திருக்கும்.

கால்வாயும் தன் பங்குக்கு உதவுகிறது. நீர் ஓட்டம் நின்ற பகுதிகள் வசந்தத்தில் குட்டைகளாகி, மீன்கள் இல்லாத காரணத்தால் தவளைகளுக்கும் பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர்களுக்கும் முட்டையிட ஏற்ற இடமாகின்றன. ஆற்றின் பழைய கைவிடப்பட்ட கிளை ஒன்றை அப்படியே கால்வாயோடு இணைத்த இடம் வைட்வாட்டர். ஏரி போல் அகன்று கிடக்கிறது. ஆமைகள் கட்டைகளில் வெயில் காய்வதையும் பெரிய நீல நாரை அசையாமல் நிற்பதையும் அங்கே பார்க்கலாம். கரையோரங்களில் பாபா என்ற மரம் மண்டிக் கிடக்கிறது. வெப்பமண்டலத்துச் சீத்தாப்பழக் குடும்பத்திலிருந்து குளிர்நாட்டில் தங்கிவிட்ட உறவினர் அது. செப்டம்பரில் பழுக்கும். வரிக்குதிரை போல் கோடு போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இதன் இலைகளை மட்டுமே உண்டு வளர்கிறது.

வெள்ளத்தைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். அது நல்ல விதைகளோடு கெட்டதையும் கொண்டுவருகிறது. ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த படையெடுக்கும் களைகள் வண்டல் படியும் தாழ்நிலங்களை விரைவாக மூடிவிடுகின்றன. தன்னார்வலர்கள் அவற்றைக் கையால் பிடுங்குகிறார்கள். 1972-இல் ஆக்னஸ் புயலின் வெள்ளம், அருவிக்கு நேர் எதிரே உள்ள ஓம்ஸ்டெட் தீவுக்குப் போகும் பாலங்களை அடித்துச் சென்றது. அவை மீண்டும் திறக்க இருபது ஆண்டுகள் ஆயின. இப்போதைய பலகைப் பாதையை விட்டு ஒரு அடி கூட இறங்க விடமாட்டார்கள். அரிய செடிகளைக் காலால் மிதிப்பது வெள்ளத்தை விட நிதானமாக, அதைவிட முழுமையாக அழிக்கும்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இரு கரைகளையும் இணைக்கும் பாலம் அருவியின் அருகில் கிடையாது. எதிர்க்கரையைக் கைநீட்டித் தொடலாம் போலிருக்கும், ஆனால் அங்கே போக நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு காரில்தான் போக வேண்டும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அருவியை முகத்துக்கு நேராகப் பார்க்கவும், முதியவர்களையும் குழந்தைகளையும் அதிகம் நடக்க விடாமல் இருக்கவும் வர்ஜீனியா பக்கம் வசதி. காட்சி மேடைகள் வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலேயே உள்ளன. வெள்ள உயரங்களைக் குறித்த கம்பம் ஒன்றும் அங்கே உண்டு. அதில் உச்சியில் இருப்பது 1936. பூட்டுகள் எப்படி வேலை செய்தன என்பதைப் புரிந்துகொள்ள மேரிலாந்துதான். வர்ஜீனியாவின் பூட்டுகள் இடிபாடுகள். மேரிலாந்தின் பூட்டுகளில் கதவும் நீரும் இருக்கின்றன. முன்பு சில பருவங்களில் கோவேறு கழுதைகள் இழுக்கும் படகில் ஏறி ஒரு பூட்டைக் கடந்தும் பார்க்க முடிந்தது. என் ஓட்டு மேரிலாந்துக்கு.

பேர் ஐலண்டில் உள்ள பில்லி கோட் பாதையின் முதல் பிரிவு நடை என்பதை விடப் பாறை ஏற்றம் என்று சொல்வதே சரி. மூன்று கிலோமீட்டர் கூட இல்லை என்று ஏமாறக் கூடாது. செருப்போடு வந்து நடுவில் திணறுகிறவர்கள் எல்லா வார இறுதியிலும் உண்டு. நாய்களுக்கு அனுமதி இல்லை. ஆறு உயர்ந்தால் பாதையை மூடிவிடுவார்கள். எந்தக் கரையிலும் ஆற்றில் இறங்கக் கூடாது. முழங்கால் அளவு நீர் கூடத் தடை. மேற்பரப்பு அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அடியோட்டம் ஆளை இழுக்கிறது; கரையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தவர்களில் பலர் நீந்த வந்தவர்களே அல்ல. வார இறுதிகளில் பத்து மணிக்கு மேல் நுழைவாயிலில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். கட்டணம் வண்டிக்கு இவ்வளவு என்ற கணக்கில். கார்டு கையில் இருக்கட்டும், ரொக்கம் வாங்குவதில்லை. ஏப்ரலில் தாழ்நிலம் முழுதும் நீலமணிப் பூக்கள் விரியும். அக்டோபர் இறுதியில் இலைகள் நிறம் மாறும். இரண்டில் ஒரு தடவைதான் வாய்க்கும் என்றால் ஏப்ரலில் போங்கள். பனி உருகியும் மழை பெய்தும் ஆறு பெருகியிருக்கும். இரண்டு கம்பெனிகள் எதனோடு மோதித் தோற்றன என்பது அப்போதுதான் விளங்கும்.